பத்து நிமிடச் சராசரி

எனக்கு நீச்சல் தெரியாது. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். கடலுக்கடியில் தண்ணீர் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சொல்வதற்குத் துறைமுகத்தில் எனக்குச் சம்பளம். ஆனால் படகில் ஏறினால், கட்டிய கயிற்றை அவிழ்ப்பதற்குள் எனக்கு வயிற்றைப் புரட்டிவிடும். அவளோ டைவர். நான் திரையில் பார்க்கிற இடத்துக்குத் தலைக்கவசமும் காற்றுக்குழாயுமாக நேரிலேயே போய், வேலையை முடித்துவிட்டு, அகோரப் பசியோடு வீட்டுக்கு வருகிறவள். எனக்குக் ‘கரையாளி’ என்று பட்டப்பெயர் வைத்தது அவள்தான். வைத்த வாரமே அது துறைமுகம் முழுக்கப் பரவிவிட்டது.

என் அறை மாடியில், தண்ணீரைப் பார்த்தபடி இருக்கிறது. மதியத்துக்கு மேல் வெயில் கடலில் பட்டு, ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கூரையில் நெளியும். மின்விசிறிக்கு மேலே ஓர் ஓடை ஓடுவது போலிருக்கும். அந்த நேரத்தில் வேலையில் இருக்கிறேனா, தூக்கத்தில் இருக்கிறேனா என்று எனக்கே சரியாகத் தெரியாது. சம்பளம் தருகிறவர்களிடம் இதைச் சொன்னதில்லை.

எங்கள் சென்சார் படகுத்துறைக்கு வெளியே, கடல்தரையில், ஓர் இரும்புச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. கவிழ்த்து வைத்த பானை அளவுதான். அதன் தலையில் நான்கு வட்டக் கண்கள். கண் என்று சொல்கிறேனே தவிர, அவற்றுக்குப் பார்வை கிடையாது, கேட்கத்தான் தெரியும். நான்கு பக்கமும் சாய்வாக மேல்நோக்கி ஓர் ஒலியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். தண்ணீரில் மிதக்கிற தூசியிலும், கண்ணுக்கே தெரியாத உயிர்களிலும் பட்டு அந்த ஒலி திரும்பி வரும். திரும்பி வந்த ஒலியின் சுருதி சற்று ஏறியிருந்தால் தண்ணீர் சென்சாரை நோக்கி வருகிறது. இறங்கியிருந்தால் விலகிப் போகிறது. சீக்கிரம் திரும்பிய எதிரொலி அடித்தண்ணீருடையது, தாமதமாகத் திரும்பியது மேல்தண்ணீருடையது. இத்தனையும் கேபிள் வழியாக எனக்கு வந்து சேர, என் திரையில் அடுக்கடுக்காக நிறங்கள் நகரும். நோக்கி வருவது நீலம், விலகுவது சிவப்பு, அசையாதது வெளிர்ப்பச்சை.

சாயங்காலங்களில் ஒரு வேடிக்கை நடக்கும். கடல் முழுவதும் மெதுவாக மேலே எழுவது போலத் திரை காட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்துப் பதறிப்போய், என் மேலதிகாரியான பொறியாளரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் சிரித்துவிட்டார். எழுவது தண்ணீர் இல்லை. பகலெல்லாம் ஆழத்தில் பதுங்கியிருந்த குட்டி உயிர்கள், வெளிச்சம் மங்கியதும் மேய்ச்சலுக்குக் கிளம்புகின்றன. அதாவது, சென்சார் தண்ணீரைக் கேட்பதே இல்லை. தண்ணீரில் இருப்பவர்களைத்தான் கேட்கிறது. அன்றிலிருந்து எனக்கு அந்தப் பானையை மிகவும் பிடித்துப்போயிற்று.

தண்ணீரில் இருப்பவர்களில் என் மனைவியும் ஒருத்தி. அவள் பிடித்து இறங்குகிற கயிறு சென்சாருக்குப் பக்கத்தில்தான் தொங்கும். அவள் மூச்சு விட்டால் குமிழிகள் கிளம்பும். குமிழிகள் ஒலியைப் பளிச்சென்று திருப்பி அடிக்கும். திரையில் வெள்ளையாக ஒரு பூ மேலே போகும். கொஞ்சம் இடைவெளி. பிறகு அடுத்த பூ. மென்பொருளுக்கு இது பிடிக்காது. ‘நம்பத்தகாத தரவு’ என்று ஓரத்தில் சிவப்பாக எழுதிவிட்டு, அழிக்கட்டுமா என்று கேட்கும். நான் ‘பிறகு’ என்பதை அழுத்திவிட்டு, அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும்தான்.

அன்று காலை அவள் கண்ணாடி முன் நின்று முடியை இறுக்கிப் பின்னிக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்குத் தூணுக்குள்ள போறேன்” என்றாள்.

படகுத்துறைக்கு அடியில் இரும்புத் தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் குழாய் வாய் அந்தத் தூண்களுக்கு நடுவில் இருக்கிறது. அதை மூடியிருந்த கம்பிவலை கழன்றுவிட்டது; மாட்ட வேண்டும். உள்ளே போவதற்கு இரண்டு தூண்களுக்கு இடையில் ஒரே ஓர் இடுக்கு. தோளைச் சாய்த்தால் ஓர் ஆள் நுழையலாம். தூண் முழுக்கச் சிப்பி, ஒவ்வொன்றும் ஒரு பிளேடு.

“தெரியும். தண்ணி ஓட்டம் நிக்கிற நேரமாப் பாத்துச் சொல்றேன்” என்றேன்.

“பயமா இல்லையா உங்களுக்கு?”

“இதுல பயப்பட என்ன இருக்கு?”

அவள் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். “எதுக்குத்தான் அசையும் அந்த மூஞ்சி? கல்யாண போட்டோவைப் பாருங்க. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மாதிரி நிக்கிறீங்க.”

“போட்டோக்காரர் அசையாதீங்கன்னாரு.”

“அவர் எடுத்து முடிச்சுப் பல வருஷமாச்சு. இனிமே அசையலாம்” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. அவள் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் என் உயிர் என்னிடம் இருப்பதில்லை. ஆனால் அதைச் சொன்னால், இருக்கிற பாரத்தோடு என் பயத்தையும் அவள் சுமந்துகொண்டு இறங்க வேண்டியிருக்கும். அதனால் முகத்தைச் சலவை செய்து, பெட்டி போட்டு வைத்திருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் பொறியாளரம்மா வாசலில் தலையை மட்டும் நீட்டினார். எங்கும் முழுசாக உள்ளே வருகிற பழக்கம் அவருக்கு இல்லை.

“பச்சையா?”

“பச்சைதான் மேடம்.”

பொய் சொல்லவில்லை. சென்சார் ஒவ்வொரு நொடியும் அனுப்புகிற எண்கள் சும்மா துள்ளிக்கொண்டே இருக்கும். அதை அப்படியே பார்த்தால் பைத்தியம் பிடித்துவிடும். எனவே எங்கள் தொழிலில் எல்லோரும் பத்து நிமிட எண்களைக் கூட்டி, வகுத்து, சராசரியைத்தான் பார்ப்பார்கள். அந்தச் சராசரி மேலிருந்து கீழ்வரை வெளிர்ப்பச்சையாக இருந்தது. ஓட்டம் கிட்டத்தட்டப் பூஜ்யம். அலையின் உயரத்தையும் பார்த்தேன். முழங்கால் அளவுகூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடந்தது. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன பார்க்க வேண்டும்?

படகில் அவளுடைய தம்பி இருந்தான். காற்றுக்குழாயைக் கையில் பிடித்து, விட்டும் இழுத்தும் கொடுப்பது அவன் வேலை. குழாயோடு சேர்த்துக் கட்டிய ஒயரில் அவளோடு பேசுவான். வாக்கிடாக்கியில் என்னோடு பேசுவான். கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் நின்று பேச்சைக் கைமாற்றுவது அவனுக்கு வீட்டிலும் பழக்கம்தான்.

“அக்கா இறங்கிடுச்சு மாமா.”

திரையில் முதல் பூ எழுந்தது. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். கூரையில் ஓடை ஓடியது. இன்னொரு பூ. அவள் மூச்சு எப்போதுமே நிதானம். வீட்டில் தூங்கும்போது விடுகிற அதே மூச்சு. வெள்ளைப் பூக்கள் நேராகப் போகாமல் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி மறு பக்கம் சாய்ந்து, ஆடி ஆடி மேலே போயின. பார்க்க அழகாக இருந்தது. அறைக்குள் மெதுவாகத் தண்ணீர் ஏறி, மேசையையும் கோப்பையையும் மூடி, நான் கடல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது. கண் பாதி மூடிவிட்டது.

“அக்கா கீழ தொட்டில் ஆட்டுற மாதிரி இருக்குன்னு சிரிக்குது மாமா. மேல ஒண்ணையும் காணோம்.”

“ம்” என்றேன்.

பூக்கள் நின்றன. அவள் சென்சாரைத் தாண்டித் தூண்கள் இருக்கும் பக்கம் போய்விட்டாள். அங்கே வேலை முடிந்து, திரும்பி இந்த வழியாகத்தான் வருவாள். அதுவரை எனக்குத் திரையில் பார்க்க எதுவும் இல்லை. நான் கனவுக்கும் விழிப்புக்கும் நடுவில் மிதந்துகொண்டிருந்தேன். அந்தப் பூக்கள் மட்டும் இமைக்குள் ஆடிக்கொண்டிருந்தன. இப்படி, அப்படி. இப்படி, அப்படி.

காற்றில்லாமல் கொடி அசையுமா?

தண்ணீர் நின்றிருந்தால் பூ ஏன் ஆட வேண்டும்?

சராசரியை மூடிவிட்டு, துள்ளுகிற அந்த நொடி எண்களைத் திறந்தேன். கீழிருந்து மேல்வரை ஒரே நீலம். அடுத்து ஒரே சிவப்பு. மறுபடி நீலம். அடித்தண்ணீர் முழுவதும் ஓராள் நீளத்துக்குக் கரையை நோக்கிப் போய், நின்று, அதே தூரம் திரும்பிக்கொண்டிருந்தது. எங்கோ தொலைவில், பல நாட்களுக்கு முன் அடித்து ஓய்ந்த ஒரு புயலின் மிச்சம். அந்த மாதிரி அலைக்கு உயரம் இருக்காது, நீளம்தான் இருக்கும். கிட்டத்தில் பிறந்த குட்டை அலை மேலே கூத்தாடிவிட்டுப் போய்விடும், அடியைத் தொடாது. இது மேலே பூனை மாதிரி நடந்து, அடியில் போய் ஆளைப் பிடிக்கும்.

போனதையும் வந்ததையும் கூட்டினால் பூஜ்யம்தானே வரும்? வீட்டுக்கும் கடைக்கும் நாள் முழுக்க ஓடிய மனிதனைச் சராசரி எடுத்தால், அவன் வீட்டைவிட்டு நகரவே இல்லை என்றுதான் வரும். நான் உயரத்தைப் பார்த்தேன், நீளத்தைக் கேட்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழத்தை அளப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற நான், அவளைக் காலை விடச் சொல்லியிருக்கிறேன்.

வாக்கிடாக்கியை எடுத்தேன். “மச்சான், அக்கா எங்க?”

“தூணுக்குள்ள போயாச்சு மாமா.”

“உள்ளயே தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லு. இடுக்குப் பக்கம் வரவே கூடாது. அடியில தண்ணி முன்னையும் பின்னையும் அடிக்குது.”

“கனவு கினவு கண்டீங்களா? இங்க கண்ணாடி மாதிரி கெடக்கு.”

“கண்ணாடியைப் பாக்காதடா. உன் கையில இருக்கிற குழாயைப் பாரு.”

அவன் குனிந்து குழாயைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு வந்த குரல் வேறு குரலாக இருந்தது. “போகுது, வருது மாமா. இழுக்குது.”

நானும் அவளும் நேராகவே பேசிக்கொள்ளட்டும் என்று, ஒயர் வந்து சேருகிற பேச்சுப்பெட்டிக்கு அருகில் வாக்கிடாக்கியை வைத்தான். கவசத்துக்குள்ளிருந்து வருகிற, தகரத்தில் பேசுகிற மாதிரிக் குரல்.

“வலையை மாட்டிட்டேன். வெளிய வரலாம்னு பாத்தா விட மாட்டேங்குது. கதவை ஓங்கி ஓங்கிச் சாத்துற மாதிரி இடுக்குல தண்ணி அடிக்குது. இப்ப நடுவுல போனா சிப்பியில வச்சுத் தேய்ச்சிடும்.”

“உள்ள மறைவா இரு. அடங்கட்டும்” என்றேன்.

“அலை ஓய்ஞ்சு தலை முழுகுற கதைதான். நான் இருப்பேங்க. குழாய் இருக்குமான்னு தெரியல. இடுக்குல மாட்டிக்கிட்டு சிப்பியில உரசுது. அறுக்கிற சத்தம் கேக்குது.”

அந்தக் குழாயில்தான் அவளுக்குக் காற்று போகிறது.

முதுகில் கட்டியிருக்கும் அவசரச் சிலிண்டர் சில நிமிடங்களுக்குத்தான் வரும். அதை வைத்துக்கொண்டு மாட்டிய குழாயை அறுத்துவிட்டு இருட்டில் வழி தேடுவது என்பதை நான் நினைக்க விரும்பவில்லை. திரையைப் பார்த்தேன். நீலம், சிவப்பு, நீலம். எல்லாம் ஒரே அளவு இல்லை. நாலைந்து பெரிதாக வந்தால், பின்னால் சில சிறிதாக வந்தன. பெரியவர்கள் கூட்டமாக வந்து போன பிறகு, பொடிசுகள் பேசாமல் நடந்து வருகிற மாதிரி.

அப்போதுதான் உறைத்தது. சென்சார் இருப்பது தூண்களுக்கு வெளியே, கடல் பக்கம், ஒரு சின்னத் தெருவின் நீளத்தில். எந்த அலையும் முதலில் அதன் தலைக்கு மேல் நடந்துவிட்டுத்தான் தூண்களுக்குப் போக வேண்டும். நடுவில் ஏழெட்டு நொடி. அவளுக்கு இனிமேல் நடக்கப்போவது எனக்கு முன்னாடியே வந்துவிடுகிறது.

“நான் பாத்துச் சொல்றேன். சொன்ன உடனே வா. அதுவரைக்கும் அசையாதே” என்றேன்.

“நீச்சல் தெரியாத ஆள் சொல்லி நீந்துறது இதான் முதல் தடவை” என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். கடைசி வார்த்தை நடுங்கிவிட்டது.

பெரிய கூட்டம் ஒன்று போயிற்று. நீலம் வெளுத்தது, சிவப்பு வெளுத்தது. ‘இப்ப’ என்று சொல்ல வாய் திறந்தேன். திரையின் ஓரத்தில் கருநீலமாக ஒரு பட்டை தலை நீட்டியது.

“பொறு!”

அவள் பொறுத்தாள். ஏழெட்டு நொடி கழித்து, அந்த அலை தூணில் மோதியபோது அவள் விட்ட முனகல் என் காதில் கேட்டது. உள்ளே மறைவில் இருந்தபோதே அப்படி. இடுக்கில் இருந்திருந்தால்?

“மேல் உறை கிழிஞ்சிடுச்சுங்க” என்றாள். “உள் குழாய் தெரியுது.”

“சீக்கிரம் மாமா” என்று தம்பி அழுதான். அவ்வளவு பெரிய ஆள், குழந்தை மாதிரி அழுதான்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குக் கனவு போலத்தான் நினைவிருக்கிறது. அறை இல்லை, நாற்காலி இல்லை. நான் அந்தச் சட்டத்துக்குள் கவிழ்ந்து உட்கார்ந்து, நாலு பக்கமும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். என் மேல் பெரிய பெரிய தண்ணீர் மெதுவாக நடந்து போயிற்று. ஒன்று போனது. அதைவிடப் பெரிதாக ஒன்று போனது. மூன்றாவதன் பின்பகுதி என்னைத் தடவிக்கொண்டு விலகியது. அடுத்தது மெலிந்திருந்தது. அதற்கடுத்தது அதைவிட மெலிவு. ஓரத்தில் ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை. கடைசிப் பெரியவன் தெருவைக் கடந்து, தூணில் மோதித் திரும்புகிற அளவு பொறுத்தேன். அவ்வளவு பொறுமை என்னிடம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

“இப்ப! வா! வா, வா, வா!”

அப்படி ஒரு சத்தம் என்னிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. பொறியாளரம்மா முதல் முறையாக முழு உடம்போடு அறைக்குள் ஓடி வந்தார்.

“வர்றேன்” என்றாள் அவள். பிறகு ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

“மாமா, ஒயர் அறுந்துடுச்சு. அக்கா சத்தம் வரல. குழாய் லேசா வருது. அக்கா அதுல இருக்குதா இல்லையான்னே தெரியல மாமா!”

திரை வெளிர்ப்பச்சையாக இருந்தது. அமைதியான, நல்ல பச்சை. எத்தனையோ நாள் நான் ஆசையோடு பார்த்த பச்சை. அன்று அதைப் போல வெறுத்த நிறம் எனக்கு வேறில்லை. தூணிலிருந்து சென்சார் வரை வர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்போது எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். பொறியாளரம்மா என் தோளில் கை வைத்தார்.

அடித்தட்டில் வெள்ளையாக ஒரு பூ.

அது ஆடி ஆடி மேலே போயிற்று. பின்னாலேயே இன்னொன்று, அவசரமாக. அதன் பின்னால் இன்னொன்று. இது அவள் தூங்கும்போது விடுகிற மூச்சில்லை. மாடிப்படி ஓடி ஏறியவளின் மூச்சு.

“மூச்சு விடுறாடா!” என்று கத்தினேன். “உன் அக்கா மூச்சு விடுறா! எனக்குத் தெரியுது. சென்சாருக்குப் பக்கத்துல இருக்கா. மெதுவா இழு!”

திரையின் ஓரத்தில் சிவப்பாக எழுத்து வந்தது. நம்பத்தகாத தரவு. அழிக்கட்டுமா? கரையில் காற்றோட்டமான அறையில் உட்கார்ந்துகொண்டு மூச்சுத் திணறிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வெயில் சாயும்போது அவள் மாடிக்கு வந்தாள். தோளில் துண்டு, முடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர், முழங்கையில் ஒரு கட்டு. பொறியாளரம்மா என்னிடம் கேட்க வேண்டியதையெல்லாம் மறுநாளுக்குத் தள்ளிவைத்துவிட்டுப் போயிருந்தார். இனி நொடி எண்களைப் பார்க்காமல் யாரையும் இறக்குவதில்லை என்று மட்டும் பலகையில் அவர் கையாலேயே எழுதியிருந்தார். அவள் அதைப் படித்துவிட்டு, என் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என் மூச்சைப் பாத்தீங்களாமே. தம்பி சொன்னான்.”

“ம்.”

“எத்தனை நாளா நடக்குது இது?”

“சென்சார் வச்ச நாள்லேர்ந்து.”

திரையில் குட்டி உயிர்கள் மேலே கிளம்ப ஆரம்பித்திருந்தன. கடல் மொத்தமும் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. அதன் கீழே, அவள் இடுக்கைக் கடந்த அந்தப் பத்து நிமிடத்தின் சராசரியை இயந்திரம் பொறுப்பாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தது. சுத்தமான வெளிர்ப்பச்சை. பூஜ்யம். அவள் குனிந்து அதைப் பார்த்தாள்.

“இதுல ஒண்ணுமே நடக்கலையே” என்றாள்.

“இதை நம்பித்தான் உன்னை அனுப்பினேன்.”

அவள் திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “பயந்தீங்களா?”

“பயந்தேன்.”

“எவ்வளவு? சராசரியாச் சொல்லுங்க.”

“சராசரி எடுக்கல” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் முகம் அசைந்துவிட்டது. அவள் தோளிலிருந்த ஈரத்துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.